பதினேழிலேயே நின்றுவிட்டவன்: ரத்தக்காட்டேரிக் காதல் நாவலுக்கு ஓர் அறிமுகம்

அவனுக்கு வயது பதினேழு. நூறு ஆண்டுகளாகவே பதினேழுதான். அவளுக்கும் பதினேழு; ஆனால் இன்னும் சில மாதங்களில் பதினெட்டு பிறந்துவிடும். பிறகு பத்தொன்பது, இருபது, முப்பது என்று அவள் போய்க்கொண்டே இருப்பாள். அவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.

இவ்வளவுதான் விதை. ரத்தமும் கோரைப்பல்லும் நள்ளிரவும் அதிலிருந்து கிளைத்தவை. ரத்தக்காட்டேரி வரும் இளையோர் காதல் நாவலைத் தொட்டே பார்க்காத ஒருவர், "அதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த இரண்டு வயதுகளைப் பற்றித்தான். வளர்வதா, அப்படியே இருந்துவிடுவதா என்று அந்தப் பருவத்தில் மனத்துக்குள் ஓயாமல் ஒரு போராட்டம் நடக்கிறதே, அதற்குக் கையும் காலும் முளைத்துப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அவன்தான் இந்த நாவல்களின் ரத்தக்காட்டேரி. பல ஆண்டுகளாக இவற்றை விரும்பிப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவு இது.

முதலில், 'இளையோர் அமானுஷ்ய மிகுபுனைவுக் காதல் நாவல்' என்ற இந்த வகையின் பெயரைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

"இளையோர் நாவல்" என்று பதிப்பாளர்கள் சொல்லும்போது, ஏறக்குறைய 12 முதல் 18 வயதுவரை உள்ள வாசகர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கான நாவலை எளிய நடையில் எழுதினால் இளையோர் நாவல் ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கதை சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதுதான் வித்தியாசம். நாற்பது வயதில் ஒருவர் தன் பதினாறு வயதை நினைத்துப் பார்த்து எழுதினால், அதில் அமைதியும் தெளிவும் வந்துவிடும். இளையோர் நாவலில் பேசுகிறவளுக்கு இன்னும் பதினாறுதான் ஆகிறது. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது. இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் அமெரிக்க நாவல் ஒன்று 1967இல் வெளிவந்தது. அதை எழுதிய எஸ்.ஈ. ஹிண்டனுக்கு அப்போது 18 வயது. பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கிவிட்டார்.

அடுத்தது அமானுஷ்ய மிகுபுனைவு. மிகுபுனைவில், அதாவது ஃபேன்டஸியில், இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஒன்று, வரைபடம், மொழி, அரச வம்சம் எல்லாவற்றோடும் புதிதாக ஓர் உலகத்தையே படைப்பது. மற்றொன்று, நாம் வாழும் இதே உலகத்தில் ஒரே ஒரு விரிசலை உண்டாக்குவது. பஸ் ஓடுகிறது, தேர்வு வருகிறது, அம்மா திட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் இதயம் துடிக்கவில்லை. நம் நாவல்கள் இந்த இரண்டாம் வழியில் வருபவை. மற்றதெல்லாம் வழக்கம்போல் இருந்தால்தான் அந்த ஒரு விரிசல் கண்ணில் படும்.

கடைசியாகக் காதல். இதையும் திகில் கதையையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு: உங்களை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் கேள்வி எது என்று பாருங்கள். "அவள் பிழைப்பாளா?" என்றால் திகில். "இவர்கள் சேர்வார்களா, சேர்வதற்காக எதை இழப்பார்கள்?" என்றால் காதல். ஆளில்லாத சாலை, இருட்டு, பின்னால் காலடிச் சத்தம். திகில் கதையில் அவள் ஓடுகிறாள். காதல் கதையில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

கல்லறையிலிருந்து வரவேற்பறைக்கு

இன்றைய நாவல்களில் வரும் வெளிறிய அழகனின் மூதாதையர் அழகர்கள் அல்லர். 1725இல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அதன் பிறகு எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் இறந்தார்கள் என்றும், பிளகோயெவிச் இரவில் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும் முன் சொன்னார்கள் என்றும் ஊரில் பேச்சு. அப்பகுதி அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அரசு அதிகாரி ஒருவரின் முன்னிலையில் கல்லறையைத் தோண்டினார்கள். உடல் கெடாமல் இருந்தது, தோல் புதிதாக இருந்தது, வாயில் ரத்தம் இருந்தது. நெஞ்சில் கூர்மரத்தை அடித்து இறக்கி, உடலை எரித்தார்கள். அதிகாரியின் அறிக்கை வியன்னாவின் செய்தித்தாளில் அச்சானது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். மண்ணுக்குள் உடல் சிதையும்போது வாயு சேர்ந்து வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்பு நீர் வாய் வழியே கசியும். மேல்தோல் உரிந்து, அடியில் சிவந்த தோல் தெரியும். விரல் நுனியில் தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோலத் தோன்றும். இது தெரியாதவர்கள் அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்தால் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? 1755இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டன் இவையெல்லாம் அறியாமையால் வரும் அச்சம் என்று அறிக்கை எழுதினார். இந்தக் காரணத்துக்காகக் கல்லறைகளைத் தோண்டக் கூடாது என்று அரசும் தடை விதித்தது.

ஊரார் பயந்த அந்தப் பிணத்தைப் பிரபுவாக மாற்றியவர் இருபது வயது இளைஞர் ஒருவர். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசியால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வீட்டில், மழையில் அடைபட்ட நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அங்கேதான் பிறந்தது. பைரனின் மருத்துவராக உடன் இருந்த ஜான் பாலிடோரி, பைரன் பாதியில் விட்ட ஒரு துண்டுக் கதையை எடுத்து வளர்த்தார். 1819இல் அது அச்சில் வந்தது. அதில் ரத்தம் குடிப்பவன் கிராமத்துப் பிணம் அல்லன். விருந்துகளுக்கு வருகிறான், எல்லோரையும் கவர்கிறான், இளம்பெண்கள் அவன் பக்கம் திரும்புகிறார்கள். அச்சத்தோடு ஈர்ப்பு கலந்தது அங்கேதான்.

ஆனாலும் நம் நாவல்களின் கொள்ளுப்பாட்டி என்று நான் கொண்டாடுவது 1871-72இல் வந்த 'கார்மில்லா'வை. அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதியது. தனித்த கோட்டை ஒன்றில் அப்பாவோடு வாழும் லாராவுக்கு வயது பத்தொன்பது. தோழிக்காக ஏங்கும் அவள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேர்கிறாள் கார்மில்லா. கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துக் கார்மில்லா பேசும் பேச்சு காதலா, பசியா என்று லாராவுக்குப் புரிவதில்லை. கார்மில்லாவுக்கே புரிந்திருக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இளம்பெண்ணின் குரல், வீட்டுக்குள் வந்துவிட்ட அன்னியர், ஒரே நேரத்தில் இழுக்கவும் விலக்கவும் செய்யும் நெருக்கம் எல்லாமே அப்போதே வந்துவிட்டன.

(இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூறிவிடுகிறேன். 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்தை, ரத்தக்காட்டேரிக்கான ஆங்கிலச் சொல்லாகிய 'வாம்பயர்' என்றே தலைப்பில் வைத்துவிட்டார். பிணத்துக்குள் குடியிருக்கிறது என்பது தவிர இரண்டுக்கும் பெரிய உறவு இல்லை. நம் வேதாளம் கேள்வி கேட்கும். யாருடைய கழுத்தையும் கடிக்காது.)

1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமுமாகக் கோத்த நாவல் அது. மற்றவர்கள் பலருடைய நாட்குறிப்பு இருக்கிறது, டிராகுலாவின் நாட்குறிப்பு மட்டும் இல்லை. அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதை நாம் அறிவதே இல்லை. அந்த மௌனத்தை முழுக்க உடைத்தவர் ஆன் ரைஸ். அவருடைய 1976ஆம் ஆண்டு நாவலில் ரத்தக்காட்டேரியே உட்கார்ந்து, டேப் ரெக்கார்டருக்கு முன்னால் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். செய்ததை எண்ணி வருந்துகிறான். வருந்தத் தெரிந்தவன் என்றால் அவனைக் காதலிக்கவும் முடியும். 2005இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தபோது, வாசகர்கள் உலகமெங்கும் திரண்டார்கள்.

விதிகள்

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி எரிந்துபோகும் அல்லவா? இந்த நாவலில் எப்படிப் பகலில் நடமாடுகிறான்?" என்று கேட்பார்கள்.

எல்லா நாவலுக்கும் பொதுவான சட்டப் புத்தகம் ஒன்று கிடையாது. வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடுகிறான். அவனுடைய சக்திகள்தாம் குறைந்திருக்கும். வெயில் அவர்களைக் கொன்றுவிடும் என்ற எண்ணத்தை நிலைநாட்டியது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய ஊமைப்படம். 'ட்வைலைட்'டில் வெயில் பட்டால் தோல் வைரத்தூள்போல மின்னும். இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் ஏராளம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. எரிந்துபோவதற்குப் பயந்து ஒளிவது வேறு, அடையாளம் தெரிந்துவிடுமே என்று ஒளிவது வேறு. பதின்பருவத்தில் ஒருவர் மறைந்து நிற்பது பெரும்பாலும் இரண்டாவது காரணத்துக்காகத்தான்.

கண்ணாடியில் உருவம் தெரியாதது, பூண்டு, சிலுவை எல்லாம் இப்படித்தான். எழுத்தாளர் வேண்டியதை எடுத்துக்கொள்வார், வேண்டாததை விட்டுவிடுவார். வாசகர் பார்க்க வேண்டியது இரண்டுதான்: நாவல் தானே போட்ட விதியைக் கடைசிவரை காப்பாற்றுகிறதா? அந்த விதியால் யாருக்காவது எதுவாவது பறிபோகிறதா? அலங்காரத்துக்காக வைத்த விதி கதையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

நல்ல விதி எப்படி வேலை செய்யும் என்பதைக் காட்ட, பழைய விதி ஒன்றைத் தேர்ந்துகொள்கிறேன்: வீட்டில் இருப்பவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரியால் உள்ளே நுழைய முடியாது, ஒருமுறை அழைத்துவிட்டால் பிறகு நினைத்தபோதெல்லாம் வரலாம். ஸ்டோக்கரின் நாவலில் இருக்கும் விதிதான். அதை வைத்து நானே ஒரு காட்சியை எழுதிப் பார்க்கிறேன்.

மழை பெய்கிற இரவு. வீட்டில் அவள் மட்டும் இருக்கிறாள். கதவைத் திறந்தால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவன், தலையிலிருந்து நீர் சொட்ட நிற்கிறான். "உள்ளே வா" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொள்கிறாள். இதற்கு முன் மூன்று முறை இந்த வாசல்வரை வந்திருக்கிறான். மூன்று முறையும் ஏதோ காரணம் சொல்லி வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனான்.

"நான் கூப்பிடாமல் உன்னால் உள்ளே வர முடியாது. அப்படித்தானே?"

அவன் தலையை மட்டும் அசைக்கிறான்.

"கூப்பிட்டுவிட்டால்?"

"அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்துவிடலாம்." சற்று நேரம் மழையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "அதனால் கூப்பிடாதே."

அவள் உள்ளே போகிறாள். ஒரு துண்டை எடுத்து வருகிறாள். நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்து, சாரல் அடிக்கும் படியில் உட்கார்ந்து, துண்டை அவனிடம் நீட்டுகிறாள்.

இந்தச் சிறு காட்சிக்குள் என்னென்ன நடந்துவிட்டன என்று பாருங்கள். உடல்பலம் முழுவதும் அவனிடம், திறவுகோல் இவளிடம். பொய் சொல்லியிருந்தால் உள்ளே வந்திருக்கலாம். உண்மையைச் சொல்லி மழையில் நிற்கிறான். இவளோ அவனை உள்ளே விடவும் இல்லை, துரத்தவும் இல்லை. தன் பாதுகாப்பின் எல்லையைத் தானே தாண்டி வருகிறாள். "உன்னை நேசிக்கிறேன்" என்ற வாக்கியம் எங்கும் வரவில்லை. விதி இல்லாவிட்டால் இது வெறும் மழையில் நனைந்த இருவரின் கதை.

இந்த வகைக் காதலின் மையம் அடக்கம் என்பதும் இதிலேயே தெரியும். அவனுக்கு அவள் வேண்டும். வேண்டும் என்பதாலேயே விலகி நிற்க வேண்டும். நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே கைவிரல்கள் தொட்டுக்கொள்வதுகூட ஓர் அத்தியாயத்தைத் தாங்கும் நிகழ்ச்சியாகிவிடுகிறது. முதல் முறை காதலிப்பவர்களுக்கு வாழ்க்கையிலும் அது அவ்வளவு பெரிய நிகழ்ச்சிதானே.

பிறந்தநாள்

தொடக்கத்தில் சொன்ன வயதுக் கணக்குக்கு வருகிறேன். 'ட்வைலைட்' வரிசையின் நாயகன் எட்வர்டு 1918இல், ஸ்பானிய ஃப்ளூவில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்று முதல் பதினேழு. வரிசையின் இரண்டாவது நாவல் 2006இல் வந்தது. நாயகி பெல்லாவின் பதினெட்டாவது பிறந்தநாள் காலையில், அவள் காணும் கனவோடு அது தொடங்குகிறது. கனவில் பாட்டி எதிரே நிற்கிறார். பெல்லா பேச வாய் திறந்தால் பாட்டியும் திறக்கிறார்; கை நீட்டினால் பாட்டியும் நீட்டுகிறார். எதிரில் இருப்பது கண்ணாடி. அந்தக் கிழவி அவளேதான். பக்கத்தில் எட்வர்டு, அதே பதினேழு வயதோடு நிற்கிறான்.

அன்று மாலை விருந்தில், பரிசைச் சுற்றியிருக்கும் தாளைப் பிரிக்கும்போது அவள் விரலைத் தாள் கீறிவிடுகிறது. ஒரே ஒரு துளி ரத்தம். அந்தக் கூடத்தில் எட்வர்டின் குடும்பத்தார் அத்தனை பேரும் ரத்தக்காட்டேரிகள். அடுத்த கணம் ஒருவன் அவள் மீது பாய்கிறான்.

இந்த நாவல் வரிசையை எள்ளி நகையாடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தத் திறப்பை நான் மதிக்கிறேன். பிறந்தநாள் என்பது எல்லோருக்கும் கொண்டாட்டம், இவளுக்கு மட்டும் அவனிடமிருந்து ஓர் ஆண்டு விலகிப்போவது. காதலனின் தாயாகவும் பிறகு பாட்டியாகவும் தோற்றமளிக்கப்போகிறோமே என்ற பயத்தை வேறு எந்தக் கதை வகையால் இவ்வளவு நேரடியாகக் காட்ட முடியும்? இதிலிருந்துதான் இந்த நாவல்கள் எல்லாம் வந்து நிற்கும் கேள்வி பிறக்கிறது: அவள் அவனைப்போல மாறுவதா? மாறினால் மூப்பு இல்லை, பிரிவு இல்லை. ஆனால் அப்பா, அம்மா, தோழிகள் ஒவ்வொருவராக மூப்படைந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் ஆகியிராத முப்பது வயதுப் பெண்ணை, நாற்பது வயதுப் பெண்ணை, யாரென்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

பதினெட்டு வயதில் யாரும் எடுக்கக் கூடாத முடிவு என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஆனால் என்ன படிப்பது, யாரோடு வாழ்வது, ஊரைவிட்டுப் போவதா வேண்டாமா என்று, பின்னால் திருப்பிக்கொள்ள முடியாத முடிவுகளை அந்த வயதில்தானே எடுக்கச் சொல்கிறோம்?

குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நூறு வயது அனுபவம் உள்ளவன் பதினேழு வயதுப் பெண்ணோடு பழகும்போது, முகம் இளமையாக இருந்தாலும் அறிவிலும் அதிகாரத்திலும் இருவரும் சமம் அல்லர். அவள் தூங்கும்போது அனுமதி கேட்காமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பது, யாரோடு பேசலாம் என்று தீர்மானிப்பது, எங்கே போகிறாள் என்று பின்தொடர்வது இவற்றையெல்லாம் பாசம் என்ற பெயரில் எழுதும் நாவல்கள் இருக்கின்றன. 'ட்வைலைட்'டிலும் எட்வர்டு பெல்லாவின் அறைக்குள் இரவில் அவள் அறியாமல் வருகிறான். வாசலில் அழைப்புக்காகக் காத்து நின்ற அந்தப் பழைய விதியை இப்படிக் கைவிட்டது எனக்கு வருத்தமே. இளைய வாசகர்கள் இதைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். படித்துவிட்டு, "அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்?" என்று பேசிப் பார்க்கட்டும். அந்தக் கேள்விக்கு நாவலுக்குள்ளேயே விடை இருந்தால் அது நல்ல நாவல். நாயகிக்குக் காதலைத் தவிர வேறு ஓர் ஆசையாவது, அவன் வராவிட்டாலும் அவள் செய்துகொண்டிருக்கக்கூடிய ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் இன்னோர் எதிர்பார்ப்பு. அது இல்லாத நாவல்களைப் பாதியிலேயே மூடி வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புதியவற்றுக்குப் போகும் முன் 'கார்மில்லா'வைப் படியுங்கள் என்பேன். சிறியது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். அதில் கார்மில்லாவின் கல்லறையைக் கண்டுபிடித்துத் திறந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறார்கள். ஆபத்து நீங்கிவிட்டது. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் லாரா, ஏதோ நினைவில் ஆழ்ந்திருக்கும்போது திடுக்கிட்டு நிமிர்கிறாள். வரவேற்பறைக் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்டதுபோல் அவளுக்குத் தோன்றுகிறது.